மடவைக்கு மாங்காய் போடலாமா?

காணும் பொங்கலன்று காலை ஆறரைக்கு அம்மாவிடமிருந்து போன். “சினை மடவை வந்திருக்குது. வர்ற வழியில மாங்கா கீங்கா வாங்கினு வராத.” அவ்வளவுதான், கட் பண்ணிவிட்டாள்.

பத்து நிமிஷம் கழித்துத் தம்பி பெண்டாட்டி. “வதினா, பொன்னேரில இறங்கினதும் மாங்கா கிடைக்குதா பாருங்க. நல்லாப் புளிக்கிறதா ரெண்டு. அத்தம்மாவுக்குத் தெரிய வேணாம்.” இரண்டு போனும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. முதலாவது அடுப்படியிலிருந்து, இரண்டாவது அநேகமாக மாடிப்படியிலிருந்து. குரல் எதிரொலித்தது.

எங்கள் வீட்டுச் சண்டை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. நான் பிறந்தது பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றில். நைனா ஏரியிலும் கடலிலும் வலை போட்டவர். இப்போது திண்ணையில் உட்கார்ந்து தம்பியின் வலையில் கிழிசல் பார்க்கிறார். நான் சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். தம்பி கட்டியது சூலூர்பேட்டைப் பெண்ணை. ஏரிக்கு இந்தக் கரை நாங்கள், அந்தக் கரை அவர்கள். அம்மா அவளைக் கொஞ்சும்போதும் “நெல்லூரு”, திட்டும்போதும் “நெல்லூரு”. சூலூர்பேட்டை 2022-லேயே நெல்லூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டதென்று சொல்லிப் பார்த்தேன். “மாவட்டம் மாறினா நாக்கு மாறிடுமா?” என்றாள்.

பொன்னேரி மார்க்கெட்டில் தை மாசத்து மாங்காய் என்ன விலை விற்கும் என்று உங்களுக்கே தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு வாங்கினேன். கைப்பையில் அடியில் போட்டு, மேலே சுடிதார் துப்பட்டாவைச் சுருட்டி வைத்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர். அவர் தோள்பையில் வெள்ளை ஒயின் பாட்டில் ஒன்று, செய்தித்தாளில் சுற்றி. ஆளுக்கொரு கடத்தல் சரக்கோடு மாமியார் வீட்டுக்குப் போகிற குடும்பம்.

போனதும் அம்மா நேராகப் பின்கட்டுக்கு என்னை இழுத்துப் போனாள். அலுமினியத் தட்டில் மூன்று மடவை, ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். செதில் இன்னும் சீவவில்லை, முதுகு வெள்ளிக்கம்பி போல மின்னியது. அம்மா ஒன்றை எடுத்துச் செவுளைத் தூக்கி என் மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்தாள். “மோந்து பாரு. சேறு அடிக்குதா?” கொஞ்சம் அடித்தது. “மொகத்துவாரம் பக்கம் புடிச்சதா இருந்தா இது அடிக்காது. இது உள்ளேரி மீனு. அதான் புளி கொஞ்சம் தூக்கலா வெக்கணும்.”

இந்த ஒரு வரியில் எங்கள் ஊர்ச் சமையலின் பாதி இருக்கிறது. பழவேற்காடு ஏரி ஒரே தண்ணீர் கிடையாது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்று பாடப்புத்தகத்தில் ஒரு மார்க் கேள்வியாகப் படித்திருப்பீர்கள். பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது, தெற்கு வால் மட்டும்தான் நம்மிடம். ஸ்ரீஹரிகோட்டா நடுவில் படுத்துக்கொண்டு கடலையும் ஏரியையும் பிரிக்கிறது. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் ஏறி இறங்கும். கோடையில் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால், ஆழமில்லாத ஏரி வெயிலில் வற்றி, சில இடங்களில் கடலைவிடக் கரிக்கும். ஆக, ஐப்பசியில் பிடித்த மடவையும் சித்திரையில் பிடித்த மடவையும் ஒரே பெயருள்ள இரண்டு மீன்கள். அம்மா அளவுக்கரண்டி வைத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அவள் முதலில் மோந்து பார்ப்பாள், பிறகுதான் புளிப்பானையைத் திறப்பாள்.

மடவை சேற்றைத் தின்று வாழும் மீன். சேற்றை உறிஞ்சி, அதிலிருக்கும் பாசியையும் மக்கலையும் சலித்துச் சாப்பிடும். கோழிக்கு இருப்பதைப் போல அதற்கும் வயிற்றில் தடித்த அரைவைப் பை ஒன்று உண்டு. வயிற்றுச் சுவரில் கறுப்பாக ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். அதை உரித்து எடுக்காவிட்டால் குழம்பு கசக்கும். அம்மா அதைக் கத்தியால் எடுப்பதில்லை. கல் உப்பைக் கட்டைவிரலில் ஒற்றிக்கொண்டு உள்பக்கமாக ஒரே இழுப்பு, கரித்துணி மாதிரி சுருண்டு வந்துவிடும். அதன் பிறகு உப்பும் மஞ்சளும் போட்டு உடைந்த பானை ஓட்டின் சொரசொரப்பில் தேய்த்து, நாலு தண்ணி. சினையை உடையாமல் தனியாக எடுத்துக் கிண்ணத்தில் வைத்தாள். அது பேத்திக்கு. அதில் மட்டும் யாரும் சண்டை போடமாட்டார்கள்.

அந்தச் சேற்று வாடைக்குப் பெயர் ஜியோஸ்மின். முதல் மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும்புகிற வாசனையும் அதுதான். மண்ணில் எழும்பினால் கவிதை எழுதுகிறோம், மீனில் இருந்தால் மூக்கைச் சுளிக்கிறோம். புளிப்பான எதிலாவது கிடந்தால் ஜியோஸ்மின் உருக்குலைந்துபோகும். மீன் கவிச்சிக்குக் காரணமான அமீன்களையும் புளிப்பு கட்டிப்போட்டுவிடும், ஆவியாகி மூக்குக்கு ஏறாது. நான் இதைப் பத்து வருஷமாக வீட்டில் சொல்லி வருகிறேன். புளியானாலும் மாங்காயானாலும் தக்காளியானாலும் அமிலம் அமிலம்தான், வேலை ஒன்றுதான் என்று. அம்மா, “அப்ப பரீட்சைக்கு வெக்கிற ஆசிட்ட ஊத்திக் கொழம்பு வெய்யி” என்று முடித்துவிடுவாள்.

சண்டைக்கு வருவோம். அம்மாவின் குழம்பு படகுக் குழம்பின் வம்சம். கரைத்த புளியில் பழுத்த நாட்டுத் தக்காளியைக் கையால் பிசைந்து, மிஷினில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூளைப் போட்டு, நசுக்கிய பூண்டையும் சேர்த்து மண்சட்டியில் ஏற்றிவிடுவாள். வதக்கல் கிதக்கல் இல்லை. படகில் எண்ணெய்க்கும் வாணலிக்கும் ஏது இடம்? கொதித்துக் கொதித்துப் பச்சை வாடை போய், ஓரத்தில் நுரை அடங்கியதும் மீனைப் போடுவாள். மீன் போட்ட பிறகு கரண்டி தொடக்கூடாது. துணியால் சட்டியின் கழுத்தைப் பிடித்து ஒரு சுழற்று, அவ்வளவுதான். கடைசியில் நல்லெண்ணெயில் வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுவாள். தேங்காய் கிடையாது, மாங்காய் கிடையாது. “மீனு தெரியணும். மத்ததெல்லாம் மீனுக்கு வேலக்காரங்க.”

தம்பி பெண்டாட்டியின் சேப்பல புலுசு வேறு. எண்ணெய் தாராளம், வெங்காயம் பொன்னிறமாகச் சுருள வேண்டும், வெந்தயமும் சீரகமும் வறுத்துப் பொடித்து வைத்திருப்பாள். புளியும் உண்டு, மாங்காயும் உண்டு. அவளைப் பொறுத்தவரை மாங்காய்த்துண்டுதான் குழம்பின் கதாநாயகன். நெல்லூர்ப் புலுசுக்கு ஹைதராபாத்தில் தனி ஓட்டல்கள் இருப்பதை அவள் சொல்லாத நாளில்லை. அவளுடைய இன்னொரு சட்டம், அன்றைக்கே சாப்பிடக்கூடாது. ராத்திரி முழுக்க ஊறி, மறுநாள் காலையில் மாங்காய் குழைந்து மீனுக்குள் போயிருக்க வேண்டும். பழைய குழம்பு விஷயத்தில் அம்மாவும் அதே கட்சிதான், பழைய சோற்றோடு. “மறுநாள்தான் ருசின்னா ரெண்டு பேரும் இன்னிக்கு எதுக்குச் சண்ட போடறீங்க? நாளைக்கிப் போடுங்க” என்று நைனா ஒருமுறை கேட்டதற்கு இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே குரலில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

போன பொங்கலுக்கு இரண்டு சட்டியாக வைத்தோம். எந்தச் சட்டி முதலில் காலியாகிறது என்று அம்மா ஓரக்கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தாள். தம்பி சாமர்த்தியமாக இரண்டையும் ஒரே தட்டில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டான். அதற்கு அவன் பட்ட பாடு, இரண்டு வாரம் இரண்டு பக்கமும் பேச்சு வார்த்தை இல்லை.

இந்த வருஷம் மூன்றாவது கட்சியும் வந்தது. கோட்டைப் பக்கம் பாய் வீட்டு அக்கா. அம்மாவுக்கும் அவருக்கும் முப்பது வருஷப் பழக்கம். பனையோலையில் பெட்டி முடைவார், பொங்கலுக்கு எங்களுக்கு ஒன்று கட்டாயம் வரும். நோன்புக்கு நாங்கள் எறா கொண்டுபோய்க் கொடுப்போம். அவர் வீட்டுக் குழம்பில் தேங்காய்ப்பால். இரண்டாம் பாலில் மீனைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு தலைப்பால். “ஏங்க்கா, மொளகா சாப்ட்டா வயிறு எரியுதுன்னு வர்றவங்களே சொல்றாங்க. ஒரு மூடி தேங்கா புழிஞ்சு ஊத்தினா உங்க சொத்தா கொறஞ்சிடும்?” என்றார் அம்மாவைப் பார்த்து. “தேங்கா ஊத்தினா அது கொழம்பா, பாயாசமா?” என்றாள் அம்மா. தம்பி பெண்டாட்டி சந்தோஷமாகத் தலையாட்டினாள். தேங்காய் என்று வந்துவிட்டால் மாமியாரும் மருமகளும் ஒரே கட்சி.

மூன்று பேருமே சொல்கிற ஒரு வார்த்தை “எங்க பாட்டி காலத்துலேர்ந்து”. அங்கேதான் டீச்சர் புத்தி சும்மா இருக்கவிடாது. மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1500-களில் போர்த்துகீசியர் கப்பலில் இந்தியக் கரைக்கு இறங்கியது. அந்தப் போர்த்துகீசியர்கள் எங்கள் ஊருக்கே வந்து குடியேறியவர்கள். இங்கே இருக்கிற மகிமை மாதா கோயில் 1515-ல் அவர்கள் தொடங்கியது. தக்காளியும் அதே அமெரிக்கச் சரக்கு, நம் அடுப்படிக்கு வந்தது இன்னும் பிந்தி. புளியமரத்தின் பூர்வீகம்கூட ஆப்பிரிக்கா என்றுதான் தாவரவியல்காரர்கள் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அம்மாவின் பாரம்பரியக் குழம்பில் உள்ளூர்ப் பொருள் என்று மிஞ்சுவது மீன், உப்பு, தண்ணீர், தாளிக்கிற நல்லெண்ணெய், கறிவேப்பிலை, அப்புறம் சட்டி. நான் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு பாய் வீட்டு அக்கா கேட்டார்: “அப்ப தேங்கா?” தேங்காய் நம்முடையதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆச்சரியம். போர்த்துகீசியருக்குப் பின்னால் டச்சுக்காரர்கள் வந்து 1613-ல் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் பல வருஷம் இதுதான், நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை. அவர்கள் தேடி வந்தது இந்த ஊர்த் துணி. அதைக் கொண்டுபோய்க் கிழக்கே தீவுகளில் கொடுத்து ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் கிராம்பும் வாங்கினார்கள். மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் ‘காயின் பெலிக்காட்’ என்றுதான் பெயர். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடுதான். இவ்வளவு வாசனைச் சரக்குக்கு வழி போட்டுக்கொடுத்த ஊரின் மீன் குழம்பில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய் கிடையாது. ஊர் வழியாகப் போனது ஊருக்குள் வரவில்லை. பாய் வீட்டு அக்கா பிரியாணிக்கு ஜாதிபத்திரி போடுவார், மீனில் போடுவதை நினைத்தாலே குமட்டுகிறது என்கிறார். துணி மட்டுமா போனது? ஆயிரக்கணக்கில் மனிதர்களையும் அடிமைகளாக இந்தக் கரையிலிருந்து கப்பலேற்றினார்கள். டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் இரண்டு எலும்புக்கூடுகளோடு செல்பி எடுக்க வருகிறவர்களிடம் இதையும் யாராவது சொன்னால் தேவலை.

மணி பத்தரை இருக்கும். மாதா குப்பத்து அத்தை வந்தார். இரத்த உறவில்லை, நைனாவின் கூட்டாளியின் அக்கா. கையில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், உள்ளே கருஞ்சிவப்பாகக் கிறிஸ்துமஸ் ஒயின். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். பாட்டிலைப் பார்த்ததும் அவர் கண்ணில் வந்த பரிதாபத்தை நான் பார்த்தேன், நல்லவேளை அத்தை பார்க்கவில்லை.

இவர் ஈரோட்டுக்காரர். பவானிசாகர் அணை மீனுக்குமேல் பார்த்திராதவர், என்னைக் கட்டிக்கொண்டு மீன் சாப்பிடப் பழகினார். பெங்களூரில் வேலை பார்த்த ஆறு வருஷத்தில் ஒயின் பழக்கம். பழக்கம் என்றால் குடி இல்லை, பேச்சு. அரை டம்ளர் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் பேசுவார். அவர் கொண்டுவந்தது நாசிக் பக்கத்துச் செனின் பிளாங்க். மீனுக்கு வெள்ளை ஒயின்தான் என்பது அவர் வேதம்.

“அத்தை, தப்பா நினைக்காதீங்க. சிவப்பு ஒயினும் மீனும் சேராதுங்க” என்று ஆரம்பித்தார்.

“யாரு சொன்னது மாப்ள?”

“ஜப்பான்ல 2009-ல ஆராய்ச்சி பண்ணிப் பேப்பரே போட்டிருக்காங்க. சிவப்பு ஒயின்ல இரும்புச்சத்து அதிகமா இருந்தா, மீனோட கொழுப்புல பட்டு வாயில கவிச்சி வருதுங்க.”

அத்தை ஹார்லிக்ஸ் பாட்டிலின் மூடியை நிதானமாகத் திருகினார். “ஜப்பான்காரன் கொழம்புல புளி ஊத்துறானா?”

இதற்கு இவரிடம் பதில் இல்லை. அந்த ஆராய்ச்சி நிஜம்தான், நானும் படித்திருக்கிறேன். அவர்கள் சோதித்தது உலர்ந்த ஸ்கேலப் சிப்பியை, மிளகாயில் குளித்த மடவையை அல்ல.

அத்தையின் ஒயின் செய்முறை இந்தக் கரையில் பல வீடுகளில் இருப்பதுதான். கம்பத்துப் பன்னீர் திராட்சை ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, ஒரு கைப்பிடி கோதுமை, நாலு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, கொஞ்சம் ஈஸ்ட். பீங்கான் ஜாடியில் போட்டு வாயை வெள்ளைத் துணியால் கட்டி, தினம் ஒரு தடவை மரக்கரண்டியால் கிளறி, இருபத்தொரு நாள். வடிகட்டி இன்னொரு இருபத்தொரு நாள் தெளிய விடவேண்டும். நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கி ஊற்றுவார். இந்தப் பன்னீர் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். 2023-ல் கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சட்டம் இந்த ஜாடியைப் பற்றி என்ன சொல்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அத்தையும் கேட்டுக்கொண்டதில்லை.

கோதுமை எதற்கு என்பதில் அத்தைக்கும் அவர் தங்கச்சிக்கும் இருபது வருஷத் தகராறு. கோதுமை போட்டால்தான் ‘கிக்கு’ என்பது அத்தை. பழைய காலத்துச் சோம்பேறித்தனம், தூக்கிப் போடு என்பது தங்கச்சி. என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தது. ஈஸ்ட்டால் கோதுமை மாவுச்சத்தை நேரடியாகச் சாராயமாக்க முடியாது, சர்க்கரையைத்தான் முடியும். ஆனால் கோதுமையிலிருந்து ஈஸ்ட்டுக்குக் கொஞ்சம் தீனி கிடைக்கும், நொதிப்பு நின்றுபோகாமல் ஓடும் என்று சொன்னேன். அதாவது இரண்டு பேர் சொன்னதும் பாதி சரி. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் என்மேல் கோபம். பஞ்சாயத்துக்கு வருகிறவர்கள் தீர்ப்புக் கேட்டு வருவதில்லை, சாட்சி கேட்டு வருகிறார்கள்.

சரி, குடித்துப் பார்த்துவிடுவோம் என்று முடிவாயிற்று. குழம்பு இன்னும் அடுப்பேறவில்லை. நேற்றைய எறா தொக்கு கொஞ்சம் இருந்தது, காரம் கண்ணில் தண்ணீர் வரவைக்கும். எவர்சில்வர் டம்ளர்தான், கண்ணாடிக் கோப்பைக்கு எங்கே போவது? இவருடைய வெள்ளை ஒயின் முதல் மிடறு ஜில்லென்று நன்றாக இருந்தது. ஒரு வாய் தொக்கு சாப்பிட்டு அடுத்த மிடறு குடித்தேன், வாய் பற்றிக்கொண்டது. சாராயம் மிளகாய் எரிச்சலைத் தூண்டிவிடும், புளிப்புக்கு முன்னால் மெல்லிய ஒயின் காணாமலே போய்விடும். அடுத்து அத்தையுடையது. தித்திப்பு தொண்டையைக் கட்டுகிற தித்திப்பு, கிராம்பு வாசனை, இருமல் மருந்தின் தூரத்துச் சொந்தம். ஆனால் தொக்குக்கு மேல் குடித்தபோது எரிச்சல் அடங்கியது. காரத்தை அணைக்கிற வேலையைச் சர்க்கரை செய்கிறது. என் கட்சி அத்தை கட்சி என்று அறிவித்தேன். இவர், “இது ஒயின் இல்ல, சர்பத்து” என்றார். ஆனால் இரண்டாவது தடவை டம்ளரை நீட்டியதும் அவர்தான்.

பாய் வீட்டு அக்கா இந்த நேரமெல்லாம் முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். “நல்லாக் குடிங்க. எங்க வீட்டு நன்னாரி சர்பத்துக்குத்தான் இவ்ளோ பேச்சு கெடையாது” என்றார்.

நைனா திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தார். “மீனுக்கு எது சேரும்னு என்ன யாராச்சும் கேட்டீங்களா? கள்ளு. பனங்கள்ளு. வெயில் ஏர்றதுக்குள்ள எறக்கினது.” தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தது 1987-ல். ஏரியில் வடக்கே போய் எல்லை தாண்டினால் ஆந்திராவில் அது சட்டப்படி விற்பனை. ஒரே ஏரி, ஒரே பனைமரம், நடுவில் ஒரு கோடு. நைனா பேச்சு அதற்குமேல் நீளவில்லை. அம்மா பார்த்த பார்வை அப்படி.

இவர் விடவில்லை. ஒயின் நம் கரைக்குப் புதுசில்லை என்று நிரூபிக்கக் கிளம்பினார். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் பக்கத்து ஒயின் சாடிகளின் ஓடுகள் வந்தன. புறநானூற்றில் பாண்டியன் நன்மாறனுக்கு நக்கீரர் பாடிய பாட்டிலேயே யவனர் கொண்டுவந்த தேறல் இருக்கிறது. எல்லாம் சரிதான். “அந்த ராசா எந்த மீனுக்கு ஊத்திக்கினாராம்?” என்றாள் அம்மா. அதுதான் பாட்டில் இல்லை.

இதற்குள் மணி பதினொன்றே கால். மீன் உப்பில் காத்திருக்கிறது, அடுப்பு பற்றவைக்கவில்லை. இரண்டு சட்டி வைத்த போன வருஷக் கதையை மறுபடி நடத்த யாருக்கும் தெம்பில்லை. மண்சட்டி ஒன்றுதான், மீன் ஒரு குழம்புக்குத்தான். யார் வைப்பது? அப்போதுதான் நைனா சொன்னார்: “பாடு போடுங்க.”

பாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஏரியில் எல்லா இடத்திலும் எறா ஒரே மாதிரி விழாது. நல்ல இடத்துக்காக வெட்டுக்குத்து நடக்காமல் இருக்க எங்கள் முன்னோர் வைத்த ஏற்பாடு அது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் என்று மூன்று ஊருக்கு ஏரியில் பாடு உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று தலைக்கட்டு வாரியாகச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். இன்றைக்கு உனக்கு நல்ல இடம் விழுந்தால் அடுத்த முறை எனக்கு. பணக்காரனா, பெரிய வலையா என்பதெல்லாம் சீட்டுக்குத் தெரியாது. உலகத்து ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் வந்து எழுதிப் போகிறார்கள், பொதுச்சொத்தைச் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்வது எப்படி என்பதற்கு உதாரணமாக. எனக்கு இதில் ஒரு குறை உண்டு. பாடு ஆம்பளைகளுக்கு மட்டும்தான். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றில் கைவிட்டுத் துழாவி எறா பிடிக்கிற இருளர் பெண்களுக்கு எந்தச் சீட்டிலும் பெயர் கிடையாது.

அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். “ஏரில எங்களுக்குப் பாடு இல்ல. அடுப்புலயாவது இருக்கட்டும். எழுதுடி.”

எழுதியது தம்பி மகள். ஒன்றாவது படிக்கிறாள். நோட்டுத் தாளைக் கிழித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக எழுதினாள். ஆயா. அம்மா. பெட்டி முடையற பெரிம்மா. ஒயின் பாட்டி. சுருட்டிப் பாய் வீட்டு அக்கா கொண்டுவந்த புது ஓலைப்பெட்டியில் போட்டுக் குலுக்கினாள். பூனைக்குட்டி மாதிரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து நைனாவிடம் கொடுத்தாள்.

நைனா கண்ணாடியைத் தேடி, போட்டு, பிரித்து, படித்தார். ஒருமுறை இவரைப் பார்த்தார். திரும்பப் படித்தார்.

“மாமா.”

“மாமா பேர் யாருடி எழுதச் சொன்னது?” என்றாள் தம்பி பெண்டாட்டி.

“மாமாவும்தான் சாப்பிடறாங்க” என்றது குழந்தை.

அம்மா பதறிப்போனாள். “மாப்ளய அடுப்பு முன்னால நிக்க வெக்கறதா? ஊர் சிரிக்கும். மறுபடி எடு.”

“அதெல்லாம் ஆவாது” என்றார் நைனா. “சீட்டு விழுந்தா விழுந்ததுதான். பாட்டுல மாப்ள மச்சான் பாக்கமுடியாது.” அவர் இவ்வளவு அதிகாரமாகப் பேசி வருஷமாகிறது.

இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். ஆம்லெட்டுக்கு மேல் போகாத கை. தம்பி விறகைத் தள்ளி அடுப்பை மூட்டிக் கொடுத்தான். நாலு பெண்களும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள், யாரும் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டு. அடுப்பில் சட்டி காய்ந்துகொண்டிருந்தது.

“புளி எவ்வளவு போடட்டுங்க?”

“பெரிய எலுமிச்சம்பழம் அளவு” என்றாள் அம்மா.

“நெல்லிக்கா அளவு போதும், மிச்சம் வேற பாத்துக்கலாம்” என்றாள் தம்பி பெண்டாட்டி, என் கைப்பையைப் பார்த்தபடி.

“தேங்காப்பால் ஊத்தறதா இருந்தா அதுல பாதி” என்றார் பாய் வீட்டு அக்கா.

“எங்க வீட்ல கண்ணால பாத்துதான் போடறது” என்றார் அத்தை.

இவர் என்னைப் பார்த்தார். இருபது வருஷமாகப் பார்த்த முகம்தான், இவ்வளவு திக்கற்று ஒருநாளும் பார்த்ததில்லை. துப்பட்டாவை எடுத்து மடியில் போட்டுவிட்டுக் கைப்பைக்குள் கைவிட்டேன். மாங்காய் உருண்டு அடியில் போயிருந்தது.

“அது இன்னாது கைல?” என்றாள் அம்மா.